மெயின் இறக்கியிருந்ததா?

மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று, மூச்சு நன்றாக வருகிறவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்குள் நான் அடைந்து இரண்டு வருடம் ஆகிறது. மெஷின் ஓடக் கரண்ட் வேண்டும். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் ஒற்றை வீடு எங்களுடையது. எங்களுக்கென்றே தனியாக ஒரு கம்பி ஏரிக்கரையோரமாக வருகிறது. காற்றடித்தால் முதலில் போவது அதுதான்.

அதனால்தான் மாடியில் சோலார் போட்டோம். பேட்டரி வைக்கலாமா, இல்லை மிச்சக் கரண்டைக் கம்பியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு பில்லில் கழித்துக்கொள்ளலாமா என்று போட வந்தவர் கேட்டார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"பேட்டரின்னா நாலு வருசத்துல செத்துப்பூடும். வெயிலு கொட்டிக்கினு கீது, அத்தப் பூட்டி வெச்சி இன்னா பண்ணப்போறோம்?" என்றார். நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டு வருகிற புத்தி அவருக்கு. நானும் தலையாட்டினேன். ஊரில் கரண்ட் போனாலும் பகலில் சோலார் ஓடும் என்று நம்பித்தான் ஆட்டினேன்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திய முதல் நாளே இரண்டு பேர் முகத்திலும் கரி. பட்டப்பகல், மண்டையைப் பிளக்கும் வெயில், மெஷின் செத்துக் கிடந்தது. போன் போட்டுக் கேட்டால், "லைன்ல கரண்ட் இல்லன்னா இது தானா நின்னுடும்ங்க. இல்லாட்டி உங்க வீட்டு கரண்ட் கம்பத்துக்குப் போயி, மேல ஏறி வேலை செய்யறவன் செத்துடுவான்" என்றார் சோலார்காரர். அன்றைக்கு, கைவசம் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துச் சமாளித்தோம்.

பேட்டரி வைக்கலாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், இவர் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அந்த மகராசன் எங்கள் பழைய இன்வர்ட்டரைச் சோலாரோடு கோத்துவிட்டார். அரை மணி நேரம்கூடத் தாங்காத இன்வர்ட்டர்தான். ஆனால் அதைப் பார்த்து, லைன் வந்துவிட்டது என்று சோலார் ஏமாந்து ஓடும். ஒரே நிபந்தனை, முதலில் மீட்டர் பெட்டியில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் வீட்டுக் கரண்ட் கம்பத்துக்குப் போய்விடும்.

"ஒரு சுச்சி எறக்கத் தெரியாதாமே எனுக்கு?" என்றார் இவர். மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து, வரப்பு உடைந்த பிறகு ஓடிவருகிற மனுஷன் சொன்னது இது.

ஆடிக்காற்று தொடங்கிய சமயம். ஒருநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். இவர் மீட்டர் பெட்டிப் பக்கம் போய் என்னவோ செய்தார். மெஷின் ஓடியது. காலி சிலிண்டரை வண்டியில் கட்டிக்கொண்டு, "வாலாஜாபாத் போயி ரொப்பிக்கினு வந்துர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

பத்தரை மணி இருக்கும். ஜன்னலில் பார்த்தால், ஒரு லைன்மேன் எங்கள் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு. கீழே நின்ற பைக்கில் சாப்பாட்டுப் பை தொங்கியது.

இவர் மெயினை இறக்கினாரா? போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு படி ஏறிவிட்டான். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரல் என்னுடையது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் இழுக்கிற காற்றுக்காக அவன் செத்துப்போனால்?

குழாயை மூக்கிலிருந்து பிடுங்கிப் போட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மீட்டர் பெட்டி வரை போனேன். இவ்வளவு பயம் எனக்கு ஆஸ்பத்திரியில்கூட வந்ததில்லை. பெட்டியில் ஐந்தாறு சுவிட்ச். எது மெயின், எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையை வைத்து மொத்தத்தையும் கீழே இழுத்தேன். மெஷின் நின்றது.

அங்கேயே சரிந்து உட்கார்ந்தேன். காற்று தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. திறந்த கதவு வழியே அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினான், கம்பியில் உரசிய கிளையை வெட்டினான், எதையோ முடுக்கினான், இறங்கினான்.

தண்ணீர் கேட்க வந்தவன்தான் என்னைப் பார்த்தான். "இன்னாம்மா ஆச்சி? வூட்ல யாரும் இல்லியா?" மெஷினைக் கைகாட்டினேன். புரிந்துகொண்டு போனில் கத்தினான்: "வேல முடிஞ்சிச்சி, லைனக் குடு, சீக்கிரம் குடுய்யா!" கரண்ட் வந்ததும் மெயினையும் மெஷின் சுவிட்சையும் தூக்கிவிட்டு, குழாயை அவனே என் மூக்கில் மாட்டினான். எதற்காக அணைத்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "ஏங்க, காலையில மெயின எறக்கினீங்களா?" என்று கேட்டேன்.

"எறக்கி இருப்பேன்" என்றார். எழுந்து போய்ப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "தெரியலமே" என்றார்.

அவரே சோலார்காரருக்குப் போன் போட்டு, பேட்டரியை உடனே கொண்டுவரச் சொன்னார். எலக்ட்ரீஷியனின் ஒயர்களைப் பிடுங்கி எறிந்தாயிற்று. இப்போது லைன் போனால், பேட்டரியோடு வைத்த புது இன்வர்ட்டர் பெட்டி வெளிக்கம்பியைத் தானே துண்டித்துக்கொண்டு, பேட்டரியில் ஓடுகிறது. அந்த லைன்மேன் இந்தப் பக்கம் வந்தால் பைக்கை நிறுத்தி, "நல்லா கீறீங்களாம்மா?" என்று கேட்காமல் போவதில்லை. அவன் பைக் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.