தன்பீர் தாத்தா நேற்று பதில் பாடவில்லை

பக்கத்து வீட்டு தன்பீர் தாத்தா இன்று காலை இறந்துவிட்டார். ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன்...

நேபாளத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். பாட்டுக்காக இங்கே, எங்கள் ஊர் காஜா பேராங்கிலேயே தங்கிவிட்டார். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா காலத்தில் மேடைக்கும் ரேடியோவுக்கும் அவரே மெட்டுப் போட்டு அவரே பாடினாராம்.

ரேடியோவில் அவரும் மனைவியும் தோஹோரி பாடுவார்கள். ஒருவர் கேள்வியைப் பாடினால், மற்றவர் அதே மெட்டில் உடனே பதில் பாட வேண்டும். பதில் இல்லாதவர் தோற்றவர்.

மனைவி கடைசியாகக் கேட்டது, “நான் முன்னே நடந்தால் நீ எப்போது வந்து சேர்வாய்?”

தாத்தா வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்து செய்தி ஆரம்பித்துவிட்டது. அந்த வாரமே காய்ச்சலில் அவர் மனைவி போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நேபாளியில் அதற்குப் பதில் பாடினார். அரிசி வேகவில்லை, மழை விடவில்லை, மகள் ஸ்கூலிலிருந்து வரவில்லை... அந்த மகள், மாயா ஆன்ட்டிதான், எனக்கு அர்த்தம் சொல்வார். அவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது.

பாடுவதற்கு முன் தாத்தா ஒரு வரி பாடும் நேரம் சும்மா இருப்பார். அப்போது சுவரோரம் இருக்கும் அவருடைய சின்ன மத்தளத்தைத் தொட்டால், தோல் மெல்ல அதிரும்.

லைப்ரரியில் தேடிப் படித்தேன். பக்கத்தில் ஏதாவது சத்தம் இருந்தால் அப்படி அதிருமாம்.

ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் சத்தமே இருக்காது. ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார்.

ஏன் விடாமல் பாடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“தோத்தா கேட்டவங்க கூடவே போயிடணும் லா, எங்க ஊர்ல அப்படி. கைப்புள்ள இருந்துச்சி மா. எப்படிப் போறது?”

நேற்று அம்மா கொடுத்த கொழுக்கட்டையோடு போனேன். மத்தளம் அதிர்ந்தது. தாத்தா பாடவில்லை.

“இன்னிக்குப் பதில் இல்ல மா.” என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மாயா ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து நேபாளியில் கெஞ்சினார். ‘மகள் இன்னும் சாப்பிடவில்லை’ என்றாவது பாடுங்கள் அப்பா என்று கேட்டாராம்.

அவர் கொழுக்கட்டைத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்...

இன்று எல்லோரும் அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, அதே நேரத்துக்கு மத்தளத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் தோல்.

போய் வாருங்கள் தாத்தா. மாயா ஆன்ட்டி சாப்பிட்டுவிட்டார்.