இரவல் குளிரில் என் சம்பாரம்

நான் சம்பார மோர் விற்கத் துணிந்ததே அந்த வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி கொடுத்த தைரியத்தில்தான். எல்லையில் இருக்கும் எங்கள் பனச்சமூட்டில் கடைகளுக்கெல்லாம் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டிகளை அவர்கள் சும்மா இறக்கினார்கள். கரண்ட் பில் மட்டும் கடைக்காரர் தலையில். ஓசிக் குளிர் கண்முன்னே வீணாகிறதே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோரில் இஞ்சியும் பச்சைமிளகாயும் நாரத்தை இலையும் சதைத்துப் போட்டு, பாக்கெட்டாக்கி, கேரளப் பக்கத்துக் கடை அண்ணனிடம் கொடுத்தேன். கம்பெனிப் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

பெட்டியில் வேறு சரக்கு இருக்கக் கூடாது என்பது கம்பெனி நிபந்தனை. பார்க்க ஆள் வரும். அதற்கும் வழி வைத்திருந்தோம். சாலையின் இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. இரண்டுக்கும் வேறு வேறு ஆபீசர். கேரளத்துக்காரர் பாறசாலை தாண்டினால் அங்குள்ள கடைக்காரரிடமிருந்து போன் வந்துவிடும். என் பாக்கெட்டுகள் எதிர்க்கடை அக்காவின் பெட்டிக்குப் போகும். அந்தப் பக்கத்துக்காரர் வந்தால் இங்கே திரும்பும். செக்போஸ்ட் இல்லாத கடத்தல்!

ஒருநாள் போன் வந்து, கூடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். இரண்டு ஆபீசர்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். எல்லை எங்களுக்குத்தான், கம்பெனிக்கு ஏது?

கேரளத்து ஆபீசர் என் கூடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் குடித்தார். “அடிபொளி! ஒண்ணுகூடி தா சேச்சி” என்று இரண்டாவதையும் வாங்கினார். காசும் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய், இனி இந்தப் பாக்கெட்டைக் கண்டால் பெட்டியைத் தூக்கிவிடுவோம் என்றார். எதிர்க்கடையிலும் அதையே சொல்லிவிட்டு இருவரும் வண்டி ஏறினார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கரண்டு பில்லு நீங்கதானே கெட்டுதிய?” என்று அண்ணனிடம் கத்தினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பெட்டி போனா கட பூட்டணுமாக்கும் மக்கா. இனி ஒன் பாக்கெட்ட வைக்க என்னக்கொண்டு ஒக்காது.”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நானும்தான் இல்லை.

பாக்கெட்டுகள் வியர்க்கத் தொடங்கியிருந்தன. விட்டால் புளித்துப்போகும். பஸ் ஸ்டாப்பில் போய் நின்று விற்றேன். கூடை காலியாகும்போது, தினமும் வாங்கும் ஆட்டோக்காரர் கேட்டார்.

“நாளைக்கு எந்தக் கடையில உண்டு?”

“இங்கதான். நான் வாறேன்” என்று சொல்லிவிட்டேன். ஐஸுக்கு எங்கே போவது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.