மைக்குக்கு வாங்கிய சிவப்பு வயர்

தம்பியின் காதுகுத்துக்கு மைக் செட் வாடகைக்கு எடுக்க வேண்டாம், நானே கட்டிவிடுகிறேன் என்று சித்தப்பா சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அவர் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கரண்டு சம்பந்தப்பட்டது எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று எங்கோ தேற்றி வைத்திருந்தார். மைக்கை அதோடு இணைக்க வயர் மட்டும்தான் பாக்கி.

அருப்புக்கோட்டைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. கடைக்காரர் இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு, இன்னொன்று பளபளவென்று சிவப்பு. அந்த நேரம் பார்த்துப் போன் வர, சித்தப்பா வெளியே போனார். கடைக்காரர் கறுப்பைத் தட்டி, "பாப்பா, மைக்குன்னா இதுதான். உள்ள வலை சுத்தியிருக்கு. மத்தது, பக்கத்துல கரண்டு வயரு போனா இரையும். சித்தப்பாகிட்ட சொல்லிரு" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

சித்தப்பா வந்து இரண்டின் நுனியையும் பல்லால் கடித்து உரித்தார். கறுப்புக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. சிவப்புக்குள் தடித்த செம்பு. "இம்புட்டு மெல்லிசு லோடு தாங்குமா? நீ என்ன தாயி சொல்ற?" என்றார். மோட்டார்க்காரர் புத்தி வேறு எப்படிப் போகும். நான் சிவப்பைக் காட்டினேன். மிச்சத் துண்டில் மோதிரம் பின்னும் ஆசை எனக்கு. கடைக்காரர் சொன்னதை அப்படியே முழுங்கிவிட்டேன்.

திருச்சுழியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் வரும்போது அவர் பெயரை மைக்கில் சொல்லித்தான் உள்ளே அழைப்பார்கள். பெயர் விட்டுப்போனால் அதை லேசில் மறக்கமாட்டார்கள். அம்மாவின் அண்ணன், பரளச்சி மாமா, தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்த நேரம், யாரோ சீரியல் லைட்டைப் போட்டார்கள். அதன் வயர் மைக் வயரை ஒட்டியே போயிருந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் ஒரே இரைச்சல். சித்தப்பா தொண்டை கிழியக் கத்தியும் பெயர் வாசலை எட்டவில்லை.

"உங்க பங்காளிக பேரெல்லாம் கணீர்னு கேட்டுச்சு. என் பேருக்கு மட்டும் மைக்கு கெட்டுப்போச்சாக்கும்?" என்று மாமா தாம்பாளத்தை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "போறவுக போகட்டும்" என்றார் அப்பா. அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அம்மா என்னை மாமா பின்னாலேயே விரட்டினாள். பஸ் ஸ்டாப்பில் மாமா தனியாக நின்றார். அவர் கோபம் பாதி இறங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இல்லாவிட்டால் என்னிடம் கேட்டிருக்கமாட்டார்.

"ஏன் தாயி, நெசமாவே மைக்கு கோளாறா? இல்ல, வேணும்னே செஞ்சாகளா?"

உண்மையைச் சொன்னால் முதுகில் நாலு விழும் என்று பயந்தேன். "எனக்குத் தெரியாது மாமா" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

தம்பிக்குப் பெரியப்பா மடியில் காது குத்தினார்கள். பொங்கலுக்கு மாமா வந்துவிடுவார் என்றுதான் நம்பினேன். நாங்கள் பிள்ளைகள் காலையில் டூ விட்டால் சாயங்காலம் பழம் விட்டுவிடுவோம். பெரியவர்கள் கோபத்துக்கும் அவ்வளவுதான் ஆயுள் என்று நினைத்தேன். அம்மா மறுபடி பரளச்சி பஸ் ஏறியது பதினான்கு வருஷம் கழித்து, மாமா செத்த சேதி வந்த அன்று. "அப்படி என்னடி செஞ்சுட்டோம் அவுகளுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.