நாலாம் நம்பர் அருகம்புல்

புல் வளர்ப்பது என் தொழில் என்று சொன்னால் சேலத்தில் எங்கள் உறவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். "புல்லு தானா வளருமே, அதுக்கு எதுக்குங்க சம்பளம்?" என்று என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பே கேட்டார். கேட்டுவிட்டுப் பெண்ணையும் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஒரு பதிலும் வாய்க்கவில்லை.

எண்பதுகளில் ஏற்காட்டில், காப்பி எஸ்டேட் முதலாளிகள் தங்களுக்குள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கிளப்பில், ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்துக்குப் புல் பார்க்கிற ஆளாக இருந்தேன். அதற்கு முன் பெங்களூரில் ஒரு பெரிய மைதானத்தில் சில வருஷம் வேலை கற்றவன். அந்தத் தகுதியை வைத்துத்தான் என்னை எடுத்தார்கள். எடுத்த நாளிலிருந்து அதைப் பயன்படுத்த மட்டும் விடவில்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தைத் தூரத்திலிருந்து அடித்து அடித்துக் கொண்டுவந்து கடைசியில் ஒரு குழிக்குள் உருட்டிவிட வேண்டும். குழியைச் சுற்றியுள்ள இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லை ஒட்ட வெட்டி, அடர்த்தியாக, மேடு பள்ளமில்லாமல் வைத்திருக்க வேண்டும். மற்ற இடத்தில் புல் எப்படி இருந்தாலும் மன்னிப்பு உண்டு, கிரீனில் கிடையாது. பந்து குழியில் விழுந்தால் அது அவர் கை. விழாவிட்டால் அது என் புல். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை யாரோ ஒரு புல்காரன்தான் சொல்லிவைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

உறுப்பினர் அத்தனை பேரும் காப்பிக்காரர்கள். காப்பிக்குச் செல்லுபடியாவது எல்லாம் புல்லுக்கும் செல்லும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர், "காப்பி நோய்க்கு அடிக்கற மாதிரி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு விடுய்யா" என்பார். இன்னொருவர் கிரீனைச் சுற்றிக் கல்யாண முருங்கை நட்டு நிழல் பண்ணச் சொல்வார். புல்லுக்கு வேண்டியது வெயில் என்று சொன்னால், "நிழலில்லாம மலையில எது வளரும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், தன் எஸ்டேட்டிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஊறின காப்பித் தோலைக் கொண்டுவந்து என்னைக் கேட்காமலே ஆறாம் நம்பர் கிரீனில் கொட்டிவிட்டார். அந்த நாற்றத்தில் அவரே அந்தப் பக்கம் ஆட வரவில்லை. ஆனால் வாரி எடுத்தவன் நான். எல்லோருக்கும் "சரிங்க சார்" சொல்லிச் சொல்லி எனக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்ததே மறந்துபோகும் போலிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான் தற்காலிகம். கிளப் கொடுத்த ஓட்டு வீடும் தற்காலிகம். என் மனைவி கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடியே மூலையில் வைத்திருந்தாள். "வேலை நிரந்தரமாகட்டும், அப்பறம் பிரிக்கறேனுங்க" என்பாள். அந்தச் சாக்கு மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அவள் மேல் எரிச்சலா, கிளப் மேல் எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

கடைசியில் ஒரு வருஷம் கிளப் தலைவர் கூப்பிட்டு நேராகவே சொன்னார். அவரும் எஸ்டேட்காரர்தான். கிளியூர்ப் பக்கம் காப்பியும் மிளகுமாக நல்ல தோட்டம். "மே மாசம் கோப்பைப் போட்டி. அதுக்குள்ள நாலாம் நம்பர் கிரீன் சரியாகணும். ஆச்சுன்னா உனக்கு நிரந்தரம். ஆகலைன்னா பெங்களூர்லருந்து வேற ஆளைக் கூப்பிடறதா கமிட்டியில முடிவு. என்னைக் கோச்சுக்காதே." நான் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? சரிங்க சார் என்றேன்.

நாலாம் நம்பர் ஒரு பள்ளத்தில் இருந்தது. மழையில் தண்ணீர் நின்று புல் அழுகிப் பாசி பிடித்துவிடும். மழை ஓய்ந்ததும் அதை முழுக்கக் கொத்தினேன். அடியில் கல் பரப்பி வடிகால் விட்டு, மேலே மணலும் மண்ணும் சலித்துப் போட்டு, மட்டம் பார்த்து, அருகம்புல் நட்டேன். ஆமாம், அருகம்புல்தான். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குப் போடுகிற அதே புல். ஒட்ட வெட்டினால் அடர்ந்து படர்கிற சாதி அது. மற்ற கிரீன்களிலும் அதுதான். சதுர்த்தியன்று காலையில் ஊர்க்காரர்கள் பையோடு வந்து பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விரட்டினால், "சாமிக்குத்தானுங்க" என்று என்னைப் பாவியாக்கிவிட்டுப் போவார்கள்.

நல்ல கொடியாகத் தேர்ந்து, கணுக்கணுவாக நறுக்கி, விரல் ஆழத்தில் ஊன்றி, குடத்தில் தண்ணீர் தெளித்து வளர்த்தேன். மே தொடக்கத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தபோது முக்கால் இடம் மூடியிருந்தது. நடுநடுவே திட்டுத்திட்டாக மண் தெரிந்தது, களையாகக் கொஞ்சம் கோரையும் புளியாரையும் எட்டிப் பார்த்தன. கையால் பொறுக்கி எடுத்து, இரண்டு தடவை ஒட்ட வெட்டினால் போட்டிக்குள் மூடிவிடும். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று.

புல் வெட்டும் மிஷினில் ஒரு கல் சிக்கிக் கத்தி பல் பல்லாகப் போனது. அதைக் கழற்றிக்கொண்டு சேலம் போனேன். லேத் பட்டறைக்காரர், "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனால் கரண்ட் இல்லை. அதற்கு மறுநாள் சாணை பிடித்து முடித்து, கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால், அடிவாரத்தில் கண்டக்டர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அருவாளோட மலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்டார். புல் வெட்ட என்றேன். பஸ்ஸே சிரித்தது. கொண்டை ஊசி வளைவு முழுக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன்.

எனக்குக் கீழே வேலை பார்த்த ஆட்கள் இரண்டு பேரும் திருவிழாவுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அதைக் கேள்விப்பட்ட தலைவருக்கு இரக்கம் வந்திருக்கிறது. தன் எஸ்டேட்டில் களை எடுக்கிற பெண்களை, அதிலும் கெட்டிக்காரர்களாகப் பொறுக்கி, "நாலாம் நம்பர்ல களை இருக்கு, சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று அனுப்பியிருக்கிறார்.

மலையில் காப்பித் தோட்டமோ தினைக்காடோ, அருகு என்றால் ஜென்மப் பகை. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமேடையில் வாழ்த்துவார்கள். காட்டுக்குள் அப்படி வேரோடினால் சும்மா விடுவார்களா? பிறந்ததிலிருந்து அருகைப் பார்த்தால் பிடுங்கு என்று பழகிய கைகள் அவை. அதுவும் எஸ்டேட் களையெடுப்பு என்றால், எடுத்த பிறகு மண் கூட்டிப் பெருக்கினாற்போல இருக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நான் போனபோது அப்படித்தான் இருந்தது. நாலாம் நம்பரில் ஒரு புல் இல்லை. செம்மண், மழமழவென்று, விளக்குமாற்றுக் கோடு போட்ட மண். ஓரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து வந்து பெருமையோடு சொன்னார்: "பாருங்க சாமி, நொம்ப மோசமா அருகு ஏறிக் கெடந்துச்சு. ஒரு கணு உடலீங்க. வேரோட எடுத்துப்போட்டோம்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்த அம்மாள் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அருகம்புல்லை யாராச்சும் நடுவாங்களா சாமி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் மாமனாருக்கு இருந்த அதே முகம். யாரைத் திட்டுவது? என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான களையெடுப்பை நான் பார்த்ததில்லை. பிடுங்கிய புல் எங்கே என்றேன். குப்பை கிளப்பில் கிடக்கக் கூடாது என்று கூடை கூடையாகச் சுமந்து என் வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு போட்டி. திரும்ப நட்டு முளைக்க வைக்கப் பிள்ளையாரே வந்தாலும் முடியாது. வீட்டுக்குப் போனேன். என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாக்கு மூட்டைகளின் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, கல் உருளையை இழுத்துக்கொண்டு போனேன். போகிற வேலை கௌரவமாகப் போகட்டும் என்று அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து உருட்டினேன். சனிக்கிழமையும் உருட்டினேன். ஆத்திரத்தில் உருட்டியதால் தரை சிமெண்டு போட்டது மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் நாலாம் நம்பருக்கு வந்தார். நான் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஓரத்திலிருந்து பந்தைத் தட்டினார். அது பாட்டுக்கு உருண்டு உருண்டு, எங்கும் தடுக்காமல் போய்க் குழிக்குள் விழுந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டதில்லை. கோப்பையையும் அவரே ஜெயித்தார். "இதுக்குப் பேருதான்யா கிரீன்!" என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

மறு வாரம் கமிட்டி கூடியது. என் வேலை நிரந்தரம். கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: மீதி எட்டுக் கிரீனிலும் இதே மாதிரி புல்லை எடுத்துவிடுவது. வெட்ட வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காட்டெருமை மேய வராது. "சார், கிரீன்னா புல்லு இருக்கணுங்க" என்றேன். "அனுபவத்துல கத்துக்கணும்யா. பெங்களூர்ல கத்ததையே பிடிச்சுத் தொங்கக் கூடாது" என்றார் தலைவர். பெங்களூரில் புல்லோடு ஆடுகிற அத்தனை பேரும் முட்டாள்கள் என்று நானும் ஒப்புக்கொண்டு வந்தேன்.

மனைவி அன்றைக்கே மூட்டைகளைப் பிரித்தாள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை பளிச்சென்று மின்னியது. "ஏனுங்க, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்கீங்க? வேலை நெரந்தரமாச்சில்ல?" என்றாள். "புல்லு பாக்கற வேலை நெரந்தரம். புல்லுதான் இல்ல" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அதன்பின் நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? நான் நட்ட அருகு ஒவ்வொரு மழைக்கும் எங்கிருந்தாவது தலைநீட்டும். அதைப் பிடுங்குவது. அந்தப் பெண்களே வருவார்கள். மூத்த அம்மாள் ஒவ்வொரு தடவையும், "நா அன்னிக்கே சரியாத்தானுங்க எடுத்தேன்?" என்று கேட்காமல் குனியமாட்டார். ஆமாங்கம்மா என்று நானும் பக்கத்தில் குனிந்து பிடுங்குவேன்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டிய குவியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது காயவில்லை. கிடந்த இடத்திலேயே வேர் பிடித்தது. பார்த்தேன், பரப்பிவிட்டேன். சலித்த மண் தூவினேன். சேலத்தில் சாணை பிடித்த கத்திக்கு வேறு வேலை இல்லாததால் ஞாயிறு மாலைகளில் வெட்டினேன். பிடிவாதம்தான், வேறென்ன. அடுத்த வருஷம் அங்கே ஒரு கிரீன் இருந்தது. அதைவிட நல்லதை நான் பெங்களூரிலும் பார்த்ததில்லை. என் மனைவி அதற்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

ஒரு நாள் தலைவர் ஏதோ கேட்க வீட்டுப் பக்கம் வந்தவர், பின்னால் வந்து நின்றுவிட்டார். செருப்புக் காலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். சுற்றி நடந்தார். இப்போதாவது புரிந்துவிட்டதென்று, நாளைக்கே ஒன்பதையும் திரும்ப நடச் சொல்வாரென்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "இடம் நல்லா இருக்கேய்யா. ஏன் இப்படிக் களை மண்ட விட்டிருக்கே? திங்கக்கிழமை நம்ம பொம்பளைங்களை அனுப்பறேன், ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடுவாங்க" என்றார்.

பழக்க தோஷம், என் வாய் "சரிங்க சார்" என்றது.

வாசற்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "வேண்டாங்க. அது தானா வளந்ததில்லீங்க. இவரு வளத்தது."

அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் பெண்கள் களைக்கொத்தோடு வந்தார்கள். என் மனைவி புல்லுக்கு நட்டநடுவில், கொடிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அவர்கள் திரும்பிப் போகிறவரை எழுந்திருக்கவில்லை.