கொடிக்கால் சேறு

என் கணவரும் அவருடைய அண்ணனும் சோழவந்தானில் சேர்ந்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. முதலில் போன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை, இருந்தாலும் மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்றார்கள். மாதக்கணக்கில் விழுங்கினார். உடம்பு பாதியானதே தவிர காய்ச்சல் விடவில்லை. வீட்டில் அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்தன. பிறகு எங்களுக்குத் தனி அடுப்பு. கடைசியில் அண்ணன் விளாங்குடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, சாமான் ஏற்ற வண்டியும் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை அவர் நினைத்துச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது குத்தியது.

அங்கே போன பிறகு என் கணவருக்கு இடது முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல் போனது. உடன் வேலை பார்த்த ஆசிரியை சொல்லித்தான் தொற்றுநோய்க்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது தொழிலைத்தான். அத்தனை இடம் ஏறி இறங்கியும் யாரும் அதைக் கேட்டதில்லை.

"கொடிக்கால் வேலைங்கய்யா."

"சேத்துல வெறுங்காலோடதான் நிப்பீங்களா?"

"ஆமாங்கய்யா. பாதத்துல எப்பவும் வெடிப்புதான்."

டாக்டர் முழங்காலிலிருந்து சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். டி.பி.யே இல்லை. மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய். ஈர மண்ணில் இருக்கும் கிருமி. இவரைப்போல் சர்க்கரை உள்ளவர்களைப் பிடித்தால் எளிதில் விடாது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அநேகமாக ஒட்டவே ஒட்டாது என்று விளக்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒட்டாதாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

அவர் சொன்னார்: "டி.பி.ன்னாலாச்சும் என்னன்னு தெரியும்மா. இது பேரே வாயில நுழைய மாட்டேங்குது. நீங்க அங்கிட்டே இருங்க."

வாரக்கணக்கில் ஊசி, அதன்பின் பல மாதம் மாத்திரை. பிழைத்துக்கொண்டார். முழங்கால் மட்டும் மடங்கவில்லை. முன்பே வந்திருந்தால் மூட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். கொடிக்கால் இப்போது அண்ணன் கையில். நாங்கள் விளாங்குடியிலேயே இருக்கிறோம்.

போன மழைக்கு முன் என் கணவர் சிம்மக்கல்லில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவரச் சொல்லி, என்னிடம் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பினார். அண்ணன் மனைவி அதை வாங்காமல், வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து வந்த பொருளாம். வைத்துவிட்டு வந்தேன். நடந்ததை மறைக்காமல் இவரிடம் சொன்னேன்.

"அண்ணனுக்கும் சுகர் இருக்கு. நீ இன்னொரு தடவ போய் எடுத்துச் சொல்லு" என்றார்.

நான் போகவில்லை.