முதல் படத்தில் இல்லாத புள்ளி

என் மேசையோரத்து ஜன்னலில் ஓர் எக்ஸ்ரே படம் சாய்ந்திருக்கிறது. ஒருவரின் வலது முழங்கால். மூட்டுக்குக் கீழே எலும்பு பிளந்திருப்பது வெளிச்சத்தில் தெரியும். வேறு ஒன்றும் அதில் இல்லை. ஒன்றும் இல்லை என்பதற்காகவே ஐம்பது வருஷம் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

கழக ஆட்சி வந்த புதிது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊருக்கு ஊர் அறுப்பு நின்றிருந்தது. குடவாசல் பக்கத்துக் களமொன்றில் தகராறு. அறுப்பு ஆட்களின் தலைவரைக் கயிற்றுக் கட்டிலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அடித்தவர் பண்ணையின் கணக்கும் களமும் பார்க்கும் காரியக்காரர். தோலும் கிழிந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்து, எலும்பைத் திருகாணி போட்டுச் சேர்க்க முடிவு செய்தேன். துளை போடும் பிட் மழுங்கிவிட்டது என்று தியேட்டர் சிஸ்டர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அமுக்காதீங்க டாக்டர்," என்றார் அன்றும். அமுக்கினேன். கையில் சின்னதாக ஓர் அதிர்வு. வெளியே எடுத்தபோது பிட்டின் நுனி இல்லை, எலும்புக்குள் உடைந்து நின்றுவிட்டது. தோண்டினால் மூட்டு பாழாகும் என்று உள்ளேயே விட்டேன். அது சரிதான், இன்றும் அதையே செய்வேன். ஆனால் கேஸ் ஷீட்டில் அதை எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்றிருந்தேனா, சொல்லவே வேண்டாம் என்றிருந்தேனா, இன்றுவரை நிச்சயமில்லை.

ஆபரேஷனுக்குப் பின் எடுத்த படத்தில், திருகாணிகளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. களத்தில் காரியக்காரர் இரும்புப் பூண் போட்ட தடியோடுதான் நிற்பார். எல்லாரும் பார்த்துப் பழகியது. அந்தப் பூண்தான் உடைந்து உள்ளே போயிருக்கிறது என்று ஊரே முடிவுகட்டியது. அன்று தடி கையில் இல்லை, வைக்கோல் கிளறும் மூங்கில் கழியைத்தான் எடுத்தேன் என்று அவர் கோர்ட்டில் அழுதார். என்னைக் கேட்டார்கள். அடியில் உள்ளே போயிருக்கலாம் என்றேன். ஆபரேஷனுக்கு முன் எடுத்த முதல் படம் தொலைந்துவிட்டது என்றேன். அவருக்கு நாலு வருஷம். வெறும் கழி என்றால் எவ்வளவு கிடைத்திருக்கும்? தெரியாது.

தலைவர் நன்றாக நடந்தார். எலும்பு கூடியபின் திருகாணிகளைக் கழற்ற வந்தவரிடம், அந்தத் துண்டையும் எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். "இருக்கட்டுங்க. பண்ணை வீட்லேருந்து கேக்காம கெடைச்சது இது ஒண்ணுதான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன மாதம் அவர் அதே முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் படத்தோடு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, புள்ளியைத் தேடினார்.

"அப்ப அந்த ஆளு சொன்னது நெசமா?"

"நெசந்தான்."

"அடிச்சது அவருதானே?"

"அவர்தான்."

"பின்ன ஏன் டாக்டரய்யா எனக்கு இப்படிக் கலக்கமா இருக்கு?"

காரியக்காரர் எப்போதோ இறந்துவிட்டார். மகள் பட்டுக்கோட்டையில் இருக்கிறாராம். தலைவர் படத்தை என்னிடமே நீட்டினார். "இத அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. ஆள் விட வேணாம், நீங்களே போங்க."

அதன்பின் இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டு முறையும் படத்தை இந்த ஜன்னலிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன்.