இன்பன்டாவிடம் மட்டும் சொன்னார்கள்

இன்பன்டா இறந்த செய்தி வந்தபோது நான் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து நின்றிருந்தேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சிறிய கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்பது எங்கள் பயிற்சிப் பள்ளியில் அன்றாடம் நடக்கும் முதல் வேலை. அழைத்தவன் அவளுடைய தம்பி ஜெர்சன். "அக்கா போயிட்டா, அக்கா" என்றான். காய்ச்சலுக்காக அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். டெங்கு என்று தெரிந்தும், ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்றே நினைத்திருந்தேன்.

விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கருக்குள் போய்ச் சொன்னேன். எங்கள் மெக்கானிக் மாடசாமி அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "எந்த பிளேனு?" என்று கேட்டார். அன்று பகல் முழுவதும் என்னை அழைத்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். எங்கே விழுந்தது, யார் கூட இருந்தார்கள், எஞ்சின் நின்றுவிட்டதா. சிறு விமானத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒருத்தி இளம் வயதில் இறந்தால், அது வேறு எப்படி நடந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விமானம் ஒன்றும் விழவில்லை, கொசுக்கடிதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது.

ஜெர்சன் எனக்கு முன்பே வேறு பலரை அழைத்துச் சொல்லியிருந்தான் என்பது மதியம் தெரிந்தது. அந்த நிலையிலும் அது எனக்கு உறைத்தது. அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளுடைய சிரிப்பையும் தாராளத்தையும் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்: அவள் மேல் எனக்கிருந்த பொறாமை. அவளை அதன் வழியாகத்தான் உற்றுப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் துல்லியமாகவே பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் பறக்கக் கற்றவர்கள். நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவள். அவள் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்காரி. அப்பா தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய் வருபவர். எனக்குப் படிப்பு உண்டு. மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் நான் விபத்து அறிக்கைகளைப் படிப்பேன். பெரிய விமானங்களின் விபத்துகளில் ஏதோ ஒரு காவியம் இருக்கும். சிறு பயிற்சி விமானங்களின் விபத்துகளிலோ பெரும்பாலும் ஒரு வெட்கம்தான் இருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கிளம்பியது; இறங்குமுன் திரும்பும் கடைசித் திருப்பத்தில் காற்று தள்ளிவிட, அதைச் சரிக்கட்ட இன்னும் இறுக்கித் திருப்பியது; தரையில் துள்ளியதும் பயந்துபோய் விமானத்தின் மூக்கை அமுக்கியது. புதிதாக எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக, பல ஊர்களில், அதே சில தவறுகள். இவை எல்லாம் எனக்கு மனப்பாடம்.

எஞ்சினுக்குப் போகும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்று வகுப்பில் முதன்முதலாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "சார், தூத்துக்குடி வெயில்ல பனங்கிழங்கே வெந்துரும், ஐஸா?" என்று கேட்டவள் இன்பன்டா. நான் எழுந்து விளக்கினேன். இங்கே வெயிலைவிட ஈரம்தான் முக்கியம், கடல்காற்றின் ஈரம் எஞ்சினுக்குள் இழுக்கப்படும்போது குளிர்ந்து உறையும், அதுவும் எஞ்சினைத் தணித்து இறங்கும்போதுதான் அதிகம் நடக்கும் என்று ஒழுங்காகச் சொன்னேன். ஆசிரியர் பாராட்டினார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் தனியாகப் பறந்து வந்து கேன்டீனில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. "ஏளா, நீ சொன்ன ஐஸ் வந்துட்டு!" என்று கத்தினாள். உப்பளத்துக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமியிருக்கிறது. சூடான காற்றை உள்ளே விடும் குமிழை இழுத்திருக்கிறாள். உருகிய தண்ணீரைக் குடித்து எஞ்சின் இன்னும் மோசமாக இருமியிருக்கிறது. "நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சுத் திருப்பி உள்ள தள்ளிட்டேன்ளா. தள்ளுனதும் சாகக் கெடக்குத மாதிரி ஆயிட்டு. பொறவு மாதாவ நெனச்சுட்டு மறுபடி இழுத்துப் புடிச்சேன். கொஞ்சம் இருமிட்டுச் சரியாப் போச்சு." அவள் எஞ்சினைப் போலவே இருமிக் காட்டினாள். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இன்றும் எங்கள் பள்ளியில் அதற்கு 'இன்பன்டா ஐஸ்' என்றுதான் பெயர். குமிழை இழுத்தால் முதலில் மோசமாகும், பொறுத்திரு என்பதைப் புதிதாக வருகிறவர்கள்கூட முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள். நான் விளக்கியது யாருக்கும் நினைவில்லை. தான் செய்த பிசகைச் சத்தம்போட்டுச் சொல்ல அவளால் முடிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். படித்து வருவது இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஒரு விஷயத்தில் நான் அவளைவிட மேல். என் இறக்கம் மெத்தென்று இருக்கும். அவளுடையது அப்படி இல்லை. "இன்பன்டா மேடம் எறங்குனா வல்லநாட்டுக் காட்டு மானெல்லாம் பயந்து மலை ஏறிரும்" என்பார் அண்ணாச்சி. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் பலமாக இறங்கினாலும் நேரே அவரிடம் போய், "அண்ணாச்சி, இன்னைக்கும் இடிச்சுட்டேன். சக்கரத்தப் பாத்துருங்க" என்பாள். இருவரும் ஒரே நேரத்தில் பயிற்சியாளர்கள் ஆனோம். அப்போதும் மாணவர்கள் அவளுடன்தான் பறக்க ஆசைப்பட்டார்கள். மெத்தென்று இறங்குகிற என்னுடன் பறக்கும்போது அவர்களுக்குத் தோள் இறுகிவிடும். பக்கத்து இருக்கையிலிருந்து எனக்கு அது தெரியும்.

ஒருநாள் அவளுக்கு ஓர் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். எங்கோ ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவன் தனியாகப் பறந்து, துள்ளி, மூக்குச் சக்கரம் மோத இறங்கியிருக்கிறான். வரிசையில் விமானத்தை நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்து அதை எடுத்துச் சென்றவன் இறங்கும்போது சக்கரம் ஒடிந்து விமானம் கவிழ்ந்தது. முந்தைய மோதல் தெரிவிக்கப்படவில்லை என்று அறிக்கையில் ஒரே வரி. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியுடன் நான் மூடி வைத்தேன். இன்பன்டா விடவில்லை.

"மொதப் பையன் ஏன் சொல்லல?"

"அது இதுல இல்ல."

"அதுதான்ளா காரணம். இவனுவ சக்கரம் ஒடிஞ்சத எழுதி வச்சுருக்கானுவ."

அந்த வாரமே அவள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினாள். எங்கள் விமானங்கள் எல்லாம் மூக்கு ஹேங்கரைப் பார்க்கும்படி வரிசையாக நிற்கும். ஒரு விமானம் மட்டும் மூக்கு ஓடுபாதையைப் பார்க்கும்படி நின்றால், அதை அண்ணாச்சி சோதிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. "வாயால சொல்ல வெக்கமா இருந்தா வண்டியத் திருப்பி நிறுத்திட்டுப் போயிருங்க. யாருன்னு நாங்க கேக்க மாட்டோம்" என்று மாணவர்களிடம் சொன்னாள். இது ஒழுங்கீனத்தை வளர்க்கும் என்று நான் எதிர்த்தேன். ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், திருப்பி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மறுநாள் தாங்களாகவே அவளிடம் போய்ச் சொன்னார்கள். அவளிடம் மட்டும். என்னிடம் ஒருவர்கூட வரவில்லை.

நஸ்ரின் என் மாணவி. காயல்பட்டினத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். ஒரு மாலை அவள் தனியாகப் பறந்து இறங்கியபின் என் அறையைத் தாண்டிப் போனாள். கதவு திறந்திருந்தது, நான் உள்ளே இருந்தேன், அவள் என்னைப் பார்க்கவும் செய்தாள். நேரே இன்பன்டாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வெளியேறும்வரை காத்திருந்து நான் உள்ளே போனேன்.

"எம் பிள்ள உங்கிட்ட எதுக்கு வாரா?"

"சும்மாதான்."

"நான்தான அவளுக்குச் சொல்லிக்குடுக்கேன்? எங்கிட்டச் சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"ஏளா, அவ வாயத் தொறக்கதுக்குள்ள நீ மனசுல மார்க் போட்டுருத. அது ஒம் மூஞ்சில தெரியுது" என்றாள் இன்பன்டா.

நான் பல நாள் அவளிடம் பேசவில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்ததுதான் காரணம்.

அந்தச் சண்டைக்கு மறுநாள் காலை முதல் பறப்பு எனக்கு. போனபோது எனக்கு ஒதுக்கிய விமானம் எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. தாமதத்துக்காக அண்ணாச்சியிடம் சத்தம் போட்டேன். "கோவப்படாதீங்க மேடம், இங்கன வந்து பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினுக்கும் எங்கள் கால்களுக்கும் இடையே இருக்கும் தடுப்புத் தகடு, மூக்குச் சக்கரத்தின் தண்டு சேரும் இடத்தில், நசுங்கிய பால் டப்பாவைப் போல மடிந்திருந்தது. "நேத்து சாயங்காலம் திரும்பி நின்னுச்சு" என்றார் அவர்.

வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. வழக்கமான சோதனையில் எனக்கும் தெரிந்திருக்காது. ஒரு மாணவனை ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். இன்பன்டா என் உயிரைக் காப்பாற்றினாள் என்று சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை. காப்பாற்றியது நஸ்ரின் என்றே எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். நஸ்ரினிடம் நான் நன்றி சொன்னபோது அவள் பயந்துபோய், "இன்பன்டா மேடம் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, அவள் சொல்லவில்லை. நானே யூகித்தது. கடைசிவரை இன்பன்டா யாருடைய பெயரையும் என்னிடம் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். இப்போது பெரிய விமானங்கள் ஓட்டுகிறவர்கள், பறப்பதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள். கோயில் முற்றம் கொள்ளவில்லை. அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபின், தெருவில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஓடுபாதை என்று நினைத்து உப்பளச் சாலைக்கு இறங்கப் போனது, பெட்ரோல் குழாயைத் திறக்காமல் கிளம்பப் பார்த்தது, துறைமுகப் புகையைப் பார்த்துக் காற்றின் திசையைத் தப்பாகக் கணித்தது. எல்லாம் அவளிடம் மட்டும் சொல்லப்பட்டவை. ஒவ்வொன்றும் ஓர் அறிக்கையாகியிருக்கக்கூடியது. நான் படித்த அறிக்கைகள் எல்லாம் விழுந்தவர்களைப் பற்றியவை. விழாமல் தப்பியவர்கள் எல்லாம் அவளிடம் இருந்திருக்கிறார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இறந்துபோன ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்தேன்.

விடைபெறப் போனபோது அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா மக்கா அந்தப் பிள்ள? மெத்துன்னு எறக்குவியாமே. ஒன்னப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா. 'அவ எறங்குதது சத்தமே கேக்காதும்மா, எனக்கு வயிறு எரியும்'னு சொல்லுவா. கண்ணாடி முன்ன நின்னு, பிளேன எறக்குத மாதிரி கைய இப்பிடி இப்பிடி இழுத்துப் பாப்பா."

எல்லோருடைய பிசகையும் கேட்டுக்கொண்டவள், இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அழுகிற வீட்டில், அவளுடைய அம்மாவின் கை என் கைக்குள் இருக்க, எனக்குள் மகிழ்ச்சி பொங்கியது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அழுவதாக நினைத்து அவர் என்னைத் தேற்றினார். பேருந்தில் வரும்போதுதான் உண்மையாகவே அழுதேன்.

சனிக்கிழமைதோறும் அவள் மாணவர்களுடன் உட்கார்ந்து பிசகுகளைப் பேசும் வழக்கத்தை இப்போது என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் சனிக்கிழமை யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஓர் அறிக்கையைப் படித்தேன், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிசகைச் சொல்லும் பழக்கமே அவளோடு போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அது போனால் அதன் விலை என்ன என்று இந்தப் பள்ளியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சென்ற வாரம் மாலையில் கடல்காற்று பலமாக இருந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது வரிசையைப் பார்த்தேன். கடைசி விமானம் மூக்கைத் திருப்பி நின்றுகொண்டிருந்தது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாருன்னு பாத்துட்டேன் மேடம். சொல்லட்டுமா?"

தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த மாணவன், அல்லது மாணவி, என் அறையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். உள்ளே வரவில்லை. அவள் இல்லாத இடத்திலும் அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி. தகட்டப் பாருங்க. காலையில அது பறக்காது" என்றேன்.

இன்பன்டாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த 'வேண்டாம்' மட்டும்தான். அவளுக்கு அது இயல்பாக வந்தது. எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும் என்று நினைக்கிறேன். வலிக்கட்டும். மறுநாள் காலை என் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது சொல்ல வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.